கவுண்டரில் வந்து நிற்கும் கேள்விகள்

ஒரு லிட்டர் தண்ணீருக்கு உப்பு 3.5 கிராம், குளுக்கோஸ் 20 கிராம். டி.பார்ம் படிக்கும்போது ஓ.ஆர்.எஸ். பொடியின் அளவாக நான் மனப்பாடம் செய்தது இது. தேர்வில் கேட்டார்கள், எழுதினேன், மதிப்பெண் கிடைத்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மதுரையில் மருந்துக்கடை வேலைக்கு வந்தேன். வந்த சில ஆண்டுகளுக்குள் அந்தப் பாடம் பழசாகிவிட்டது. 2002-இல் உலக சுகாதார நிறுவனம் உப்பை 2.6 கிராமாகவும் குளுக்கோஸை 13.5 கிராமாகவும் குறைத்தது. செறிவு குறைந்த கரைசலைக் கொடுத்தால் குழந்தைக்கு வாந்தி குறைகிறது, பேதியின் அளவு குறைகிறது, டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய தேவையும் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருந்தன. கொஞ்ச காலத்தில் இன்னொன்றும் சேர்ந்தது: பேதி நின்றுவிட்டாலும் 14 நாள் வரை ஜிங்க் மாத்திரை கொடுக்க வேண்டும்.

கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய என் பதிவுச் சான்றிதழில் எதுவும் மாறவில்லை. அதே பெயர், அதே எண், அதே முத்திரை. அதற்குக் கீழே அலமாரியில் இருந்த மருந்துகளும் அவற்றைப் பற்றிய அறிவும் மாறிக்கொண்டே இருந்தன. இந்த இடைவெளியை நிரப்புவது யார் பொறுப்பு, எப்படி நிரப்புவது என்பதுதான் இத்தனை வருடமாக என்னோடு இருக்கும் கவலை. என் அனுபவத்தில் கண்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஒரு பழைய கம்பவுண்டர். அனுபவத்தை வைத்தே மருந்தாளுநராகப் பதிவு பெற்ற தலைமுறை. கோரிப்பாளையம் பக்கம் பெரியாஸ்பத்திரிக்கு எதிரே, பனகல் சாலையில் வரிசையாக இருக்கும் மருந்துக்கடைகளில் ஒன்றில் இருந்தார். கல்வத்தில் பொடி அரைத்து, மிக்சர் கலந்து, பாட்டிலின் பக்கவாட்டில் வேளைக்கு ஒரு பல் வீதம் கத்தரித்த காகிதப் பட்டையை ஒட்டிக் கொடுத்த காலத்திலிருந்து வந்தவர். ஒரு பல் இறங்கினால் ஒரு வேளை மருந்து முடிந்தது என்று எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். நான் சேர்ந்தபோது மிக்சர் காலம் முடிந்திருந்தது. எல்லாம் அட்டை மாத்திரைகள். ஆனால் அவர் படிப்பது மட்டும் நிற்கவில்லை.

புது மருந்து வந்தால் முதலில் பெட்டியைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளை எடுப்பார். எறும்பு எழுத்து. பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார். மத்தியானம் வெயில் நேரத்தில் கூட்டம் குறையும். அப்போது அந்தத் தாளில் தேவையான பகுதியை மட்டும் வெட்டி, நீளக் கணக்கு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் தமிழில் தன் கையெழுத்தில் இரண்டு வரி எழுதுவார். யாருக்குக் கொடுக்கக் கூடாது, எதோடு சேர்க்கக் கூடாது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. மருந்துக் கம்பெனி ரெப் வந்து மருந்தின் பெருமையைப் பேசினால் முழுக்கக் கேட்டுவிட்டு, “இது கிட்னி கெட்டவருக்கு ஆகுமா தம்பி?” என்று ஒரே கேள்வி கேட்பார். பதில் தெரியாவிட்டால், “அடுத்த வாட்டி வரும்போது கேட்டுட்டு வந்து சொல்லுங்க” என்பார். அடுத்த முறை அவர் வந்ததும் மறக்காமல் கேட்பார்.

என்னிடம் அடிக்கடி சொல்வது இது: “கம்பெனி சொல்றது ஒண்ணு, டாக்டர் எழுதுறது ஒண்ணு, சீக்காளி முழுங்குறது ஒண்ணு. மூணும் ஒண்ணா இருக்கான்னு பாக்குறதுக்குத்தான் நம்மள உக்கார வச்சிருக்காய்ங்க.”

அந்த நோட்டில்தான் மருந்து உலகம் மாறிய தேதிகள் இருந்தன. 2004 செப்டம்பர் 30 அன்று ரோஃபெகாக்சிப் என்ற மூட்டுவலி மாத்திரையை மெர்க் நிறுவனம் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. மாரடைப்பு அபாயம் கூடுகிறது என்று தெரிந்ததால் வந்த முடிவு. இந்தியாவில் அதே ஆண்டு டிசம்பரில் தடை வந்தது. பத்திரிகையில் செய்தி படித்த அன்றே அவர் அலமாரியில் இருந்த அத்தனை அட்டைகளையும் எடுத்துத் தனிப் பெட்டியில் போட்டுக் கட்டினார். தடை உத்தரவு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அதோடு விடாமல், மாதாமாதம் அந்த மாத்திரையை வாங்கிப் போகும் ஆட்களை நினைவில் வைத்து, அவர்கள் வரும்போது நிறுத்திப் பேசி டாக்டரிடம் திருப்பி அனுப்பினார். அவர் ஓய்வு பெற்ற பிறகு நோட்டு என் கைக்கு வந்தது. 2011 பிப்ரவரியில், 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நிமுசுலைடு கூடாது என்று வந்ததை நான் எழுதினேன். மார்ச்சில் கேட்டிஃபுளோக்சசின் போனது. 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகளுக்குத் தடை வந்து, நீதிமன்றம் போய், 2018 செப்டம்பரில் 328 மருந்துகளுக்கு மறுபடி வந்தது. 2024 ஆகஸ்டில் இன்னும் 156. ஒவ்வொரு பட்டியல் வரும்போதும் அலமாரி முன்னால் நின்று ஒவ்வொரு அட்டையின் பின்புறத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். தடைப் பட்டியலில் இருப்பது மூலப்பெயர். நம்மிடம் கேட்பவர் சொல்வது பிராண்டு பெயர். இரண்டையும் இணைக்கத் தெரியாதவரிடம் அந்த உத்தரவு வெறும் காகிதமாக நின்றுவிடும்.

நோட்டு தடைகளைச் சொல்லும். ஆட்களைக் கேட்கக் கற்றுத் தந்தது வேறு.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் வருவார். விவசாயி, ஐம்பத்தைந்து வயதிருக்கும். சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மாதமும் சீட்டில் யூனிட் கூடிக்கொண்டே போனது. சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. “என்னண்ணே, சாப்பாட்டுல கட்டுப்பாடு இல்லியா?” என்று கேட்டுவிட்டு அனுப்புவதுதான் வழக்கம். அந்த வாரம் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்குப் போய் வந்திருந்தேன். பேசவந்த செவிலியர் ஒருவர் எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிரிஞ்சையும் தண்ணீர் நிரப்பிய ஒரு சின்னப் பாட்டிலையும் கொடுத்து, “இருபது யூனிட் எடுத்துக் காட்டுங்க” என்றார். மேஜைகளில் இரண்டு வகை சிரிஞ்சுகளைக் கலந்து வைத்திருந்தார். எடுத்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவர் கையில் உள்ள தண்ணீரோடு ஒப்பிடச் சொன்னார். ஒரே இருபது, ஆனால் தண்ணீரின் அளவு வேறு.

அதை நினைவில் வைத்து உசிலம்பட்டிக்காரரிடம், “அண்ணே, வீட்ல எப்படிப் போடுறீங்கன்னு ஒரு தடவ எடுத்துக் காட்டுங்க” என்றேன். பையிலிருந்து எடுத்தார். மருந்து பாட்டில் மில்லிக்கு 40 யூனிட் உள்ளது. சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறம். அதாவது மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கான சிரிஞ்சு. நாற்பதுக்கான சிரிஞ்சின் மூடி சிவப்பாக இருக்கும். அவர் ஆரஞ்சு சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லி. நாற்பது யூனிட் மருந்தில் அது எட்டு யூனிட்தான். இருபது போடுவதாக நினைத்து எட்டு போட்டுக்கொண்டிருந்தார். இதுவே தலைகீழாக நடந்தால் இன்னும் கொடுமை. நூறு யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் 0.5 மில்லி, ஐம்பது யூனிட் உள்ளே போய்விடும். சர்க்கரை தாழ்ந்து ஆள் மயங்கி விழுந்துவிடுவார்.

சிரிஞ்சை மட்டும் மாற்றிக் கொடுத்து அனுப்பியிருந்தால் அதுவும் ஆபத்தாகியிருக்கும். டாக்டர் கூட்டி எழுதிய அளவு அப்படியே நிற்கிறதே! அதனால் நடந்ததைச் சீட்டின் பின்னாலேயே எழுதி, அன்றைக்கே டாக்டரைப் பார்க்க அனுப்பினேன். அளவைக் குறைத்து எழுதினார்கள். அடுத்த மாதம் அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். கரண்ட் போகும் ஊரில், ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை எப்படி வைப்பது என்று அந்த அம்மா கேட்டார். பெரிய மண்பானையில் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் பாட்டில், மேலே ஈரத்துணி, நிழலில் வைக்க வேண்டும், தண்ணீர் மருந்துப் பாட்டிலைத் தொடக் கூடாது என்று விளக்கினேன். பங்குனி சித்திரையில் மதுரைச் சமவெளி கொதிக்கும்போது இந்த ஒரு ஏற்பாடு எத்தனையோ வீடுகளில் மருந்தைக் காப்பாற்றுகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் சிரிஞ்சைக் கையில் பிடித்ததால்தான் நான் “எடுத்துக் காட்டுங்க” என்று கேட்டேன். அன்றிலிருந்து இன்சுலின் வாங்க வரும் யாரையும் கேட்காமல் விட்டதில்லை.

நம் நாட்டில் மருந்தாளுநர் தொடர்ந்து படிக்க வேண்டும் என்பது விதியாகவே இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டம் பதிவையும் புதுப்பித்தலையும் கொண்டுவந்தது. இந்திய பார்மசி கவுன்சில் 2015-இல் வெளியிட்ட மருந்தாளுநர் தொழில்நடைமுறை விதிகள், ஐந்து ஆண்டுகளில் குறைந்தது இரண்டு புத்தாக்கப் பயிற்சிகளில் கலந்துகொள்ளச் சொல்கின்றன. ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு நாள். வெள்ளைக் கோட்டில் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும் என்றும், மருந்தைக் கொடுக்கும்போது எப்படிச் சாப்பிட வேண்டும், என்ன பக்கவிளைவு வரலாம், எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று நோயாளியிடம் பேச வேண்டும் என்றும் அதே விதிகளில் இருக்கிறது. இவ்வளவும் எழுத்தில் வந்தது பெரிய காரியம். அதற்கு முன்னால் ஒருமுறை பதிவு செய்துவிட்டால் கட்டணம் கட்டிக்கொண்டே காலம் முழுக்க ஓட்டிவிடலாம்.

அந்தப் பயிற்சிகளுக்குப் பலமுறை போயிருக்கிறேன். மேலூர், வாடிப்பட்டி, பேரையூர், டி.கல்லுப்பட்டி என்று சுற்றுப்பட்டிலிருந்தெல்லாம் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு வருவதென்றால் அன்றைய வியாபாரம் போச்சு. சிலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்படி வந்தவர்கள் முன்னால், ஆங்கிலத்தில் நிறைய எழுத்துள்ள திரையைப் பார்த்துக்கொண்டே ஒருவர் மருந்து மூலக்கூறின் அமைப்பைப் பற்றி ஒன்றரை மணி நேரம் படித்தால், அரங்கமே கையெழுத்துப் போடும் நேரத்துக்காகக் காத்திருக்கும். இன்னொருவர் வந்து ஒரே ஒரு சீட்டைத் திரையில் போட்டால் அதே அரங்கம் விழித்து உட்காரும்.

அப்படி ஒரு சீட்டு எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் 7.5 மில்லிகிராம், வாரம் ஒருமுறை. புற்றுநோய்க்கும் பயன்படும் மருந்து. மூட்டு வாதத்துக்குச் சின்ன அளவில், வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். மற்ற மாத்திரைகள் போல இதையும் தினம் சாப்பிட்டுவிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிரே போகலாம். உலகம் முழுக்க அப்படி மரணங்கள் நடந்திருக்கின்றன. “இந்த மாத்திரையைக் கொடுக்கும்போது என்ன சொல்வீர்கள்?” என்று பேச்சாளர் கேட்டார். ஆளாளுக்கு ஒன்று சொன்னோம். கவர் மேல் ‘வாரம் ஒருமுறை’ என்று எழுதுவேன் என்றார் ஒருவர். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு? நான்கு மாத்திரைக்கு மேல் கொடுக்க மாட்டேன் என்றார் இன்னொருவர். கையில் இருப்பது 2.5 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஒரு வேளைக்கே மூன்று வேண்டுமே?

பின்வரிசையில் இருந்த பேரையூர்ப் பக்கத்துப் பெரியவர் எழுந்தார். “கெழமையச் சொல்லிக் குடுக்கணும்யா. ‘வாரத்துக்கு ஒருக்கா’ன்னா அவுகளுக்கு ஞாபகம் இருக்காது. ‘ஒங்க ஊருச் சந்தை என்னைக்கு தாயி?’ன்னு கேளுங்க. சந்தைக்குப் போய்ட்டு வந்து ராத்திரி மூணு மாத்திர. மத்த நாள்ல இந்த அட்டையத் தொடவே கூடாது. அம்புட்டுத்தேன்.”

பேச்சாளர் அதையே எழுதிக்கொண்டார். கிழமையைக் குறிப்பிட்டு எழுதுவதும் சொல்வதும்தான் மருந்துப் பாதுகாப்பு வல்லுநர்கள் உலகெங்கும் வலியுறுத்தும் வழி. பேரையூர்ப் பெரியவர் அதைத் தன் கடையில் நின்றே கண்டுபிடித்திருந்தார். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை எந்த நாளில் கொடுப்பது என்பது அவருக்குத் தெளிவில்லை. அன்று அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார். அவரிடமிருந்து நாங்கள் ஒன்று கற்றோம், எங்களிடமிருந்து அவர் ஒன்று கற்றார். பயிற்சி என்றால் இதுதான். கவுண்டரில் வந்து நிற்கும் ஆளின் கேள்வியிலிருந்து தொடங்கும் படிப்பு நிலைக்கிறது. பாடத்திட்டத்தின் பொருளடக்கத்திலிருந்து தொடங்குவது பஸ் ஏறும்போதே மறந்துபோகிறது.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் இதை முழுமையாக உணர்ந்தேன். மதுரைப் பக்கம் ‘செட் மாத்திரை’ என்று கேட்பது பழைய பழக்கம். காய்ச்சலுக்கு ஒரு செட், சளிக்கு ஒரு செட். நாலைந்து மாத்திரைகளைப் பிரித்து ஒரு காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். அதில் ஒன்று ஆன்டிபயாடிக்காக இருக்கும். இரண்டு வேளைக்கு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். 2012-இல் சென்னையில் பல மருத்துவ அமைப்புகள் கூடி மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றி ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. 2014 மார்ச் 1 முதல் எச்-1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. வீரியமான ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள் உட்பட 46 மருந்துகள். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. எழுதியவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

பதிவேடு எழுதச் சட்டம் போதும். எதிரே நிற்பவரை “இது வேண்டாம்ணே” என்று சொல்லி ஏற்கவைப்பது வேறு திறமை. அதை யாரும் கல்லூரியில் சொல்லித் தரவில்லை. “போன தடவ குடுத்தீங்கள்ல, இப்ப மட்டும் என்னவாம்?” என்று கூலி வேலைக்குக் கிளம்பும் ஆள் கேட்கும்போது என்ன பதில் சொல்வது? செல்லூரில் கடை வைத்திருந்த நண்பர் ஒருவர் சொல்லிக்கொடுத்த பேச்சு எனக்குக் கைகொடுத்தது. “இது சளிக்காய்ச்சல், தானா அடங்கும். இதுக்கு அந்த மாத்திர வேல செய்யாது, வயித்தத்தான் கெடுக்கும். மூணு நாள்ல விடலேன்னா நானே ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன். இப்ப பாரசிட்டமால் போதும்.” மறுப்போடு ஒரு பொறுப்பையும் ஏற்றுக்கொண்டால் ஆட்கள் நம்புகிறார்கள்.

இருமல் சிரப்பு திரும்பத் திரும்ப வாங்க வருபவரைக் கவனிப்பதும் அப்படிக் கற்றதுதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியும் என்று உலகத்துக்கு நிரூபித்தது 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் சிகிச்சை மையம். அதன் வழிவந்த தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை நம் மதுரையிலேயே இருக்கிறது. 2018 முதல், காசநோய் மருந்து வாங்குபவரின் விவரத்தை அரசுக்குத் தெரிவிப்பது மருந்துக்கடைகளுக்கும் கடமை. கடையில் நிற்பவர் கேட்கும் “எத்தன நாளா இருமல்?” என்ற ஒரு கேள்வியில் ஒரு குடும்பமே பிழைக்கலாம்.

2025 அக்டோபர் நம் எல்லோரையும் தலைகுனிய வைத்தது. காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ இருமல் மருந்தில் டை எத்திலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்ததாக நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் தெரிந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இதே நச்சுதான் 1937-இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. 1972-இல் சென்னையில் குழந்தைகளையும் 1986-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் நோயாளிகளையும் கொன்றது. பாட்டிலைத் திறந்து பார்த்து இந்த நச்சைக் கண்டுபிடிக்க எந்தக் கடைக்காரராலும் முடியாது. அது தயாரிப்பவர் குற்றம், மேற்பார்வையின் தோல்வி. ஆனால் அந்த சிரப்பில் இருந்த குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் கூட்டை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லியிருந்தது. அந்த அறிவிப்பு எத்தனை கவுண்டர்களை எட்டியது? எட்டிய இடங்களில் எத்தனை பேர் “பிள்ளைக்கு என்ன வயசு?” என்று கேட்டார்கள்? செய்தி வந்த அன்று இரவு நானும் என் கடைப் பெண் மருந்தாளுநரும் எல்லா இருமல் மருந்துப் பாட்டில்களையும் இறக்கி வைத்து, மூலப்பெயரையும் பேட்ச் எண்ணையும் வயது எச்சரிக்கையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மறுநாள் முதல் குழந்தைக்கு சிரப்பு கேட்பவரிடம் வயதைக் கேட்காமல் அலமாரிப் பக்கம் திரும்புவதில்லை என்று முடிவு செய்தோம்.

அதே அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத பானங்கள் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உத்தரவிட்டது. அதற்குப் பல வருடம் முன்பே, வாடிப்பட்டிப் பக்கத்துத் தாய் ஒருத்தி பேதியான குழந்தைக்கு அப்படி ஒரு இனிப்புப் பானத்தை இரண்டு நாளாகக் கொடுத்துவிட்டு, “நிக்கவே மாட்டேங்குதுண்ணே” என்று வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை அதிகமானால் குடல் இன்னும் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும். சரியான பொட்டலத்தை எடுத்துக் கொடுத்து, “எதுலம்மா கலக்குவ?” என்று கேட்டேன். “டம்ளர்ல” என்றாள். ஒரு லிட்டருக்கான பொடியை ஒரு டம்ளரில் கலந்தால் அதுவும் கெடுதல். கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைக் காட்டி, இதில் நிறைய ஊற்றி முழுப் பொட்டலத்தையும் போடு என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு அளவு பிடிபட்டது. ‘மருந்து சரி’ என்பதோடு நம் வேலை முடிவதில்லை. அவர்கள் வீட்டில் எந்தப் பாத்திரம் இருக்கிறது என்பதும் மருந்தியல்தான்.

இப்படிக் கேள்விகள் சேரச் சேர, அவற்றைத் தனியே வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தோன்றியது. எங்கள் பகுதியில் கடை வைத்திருப்பவர்களும் ஆஸ்பத்திரி மருந்தகங்களில் வேலை பார்ப்பவர்களுமாகச் சிலர் மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் கூட ஆரம்பித்தோம். விதி ஒன்றே ஒன்று: ஒவ்வொருவரும் அந்த மாதம் கவுண்டரில் பதில் தெரியாமல் நின்ற ஒரு கேள்வியைக் கொண்டுவர வேண்டும். தைராய்டு மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டும் ரத்தப் பரிசோதனையில் அளவு இறங்காத ஒரு டீச்சரின் கேள்வியை ஒருவர் கொண்டுவந்தார். பேசிப் பார்த்ததில், பல் துலக்கியதும் மாத்திரையை ஃபில்டர் காபியோடு விழுங்குகிறார் என்று தெரிந்தது. காபி அந்த மருந்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். அரைமணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம். காபி இல்லாமல் பொழுது விடியாத ஊரில் இதைச் சொல்லாமல் அந்த மாத்திரையைக் கொடுப்பது பாதி வேலை. அடுத்த வாரமே அந்தச் சாயங்காலத்துக்கு வந்திருந்த எல்லாக் கடைகளிலும் தைராய்டு மாத்திரையோடு இந்தக் கேள்வியும் சேர்ந்துவிட்டது.

பிரிட்டனில் ஒவ்வொரு மருந்தாளுநரும் ஆண்டுதோறும் நான்கு கற்றல் பதிவுகளையும், சக தொழிலர் ஒருவருடன் நடத்திய உரையாடல் ஒன்றையும், தன் வேலையைத் தானே திரும்பிப் பார்த்து எழுதிய குறிப்பு ஒன்றையும் பதிவு அமைப்புக்குக் கொடுக்க வேண்டும். என்ன கற்றாய் என்பதோடு, அதனால் நோயாளிக்கு என்ன நன்மை என்றும் எழுதச் சொல்கிறார்கள். படித்தபோது எனக்குப் புதிதாக இல்லை. எங்கள் ஞாயிறு சாயங்காலத்தில் நடப்பதை அங்கே முறைப்படுத்தி, அதற்கு மதிப்பும் கொடுத்திருக்கிறார்கள். இங்கே பேரையூர்ப் பெரியவர் தன் அனுபவத்தில் கண்டதற்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

இப்போது தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு வாசல் கடினமாகியிருக்கிறது. டி.பார்ம் முடித்தாலும் பதிவுக்கு முன் வெளியேறும் தேர்வு எழுத வேண்டும் என்று 2022-இல் விதி வந்திருக்கிறது. நல்லது. வேலையும் கூடியிருக்கிறது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. 2025 பிப்ரவரியில் மாநிலம் முழுக்க 1000 முதல்வர் மருந்தகங்கள் திறந்தன. மூலப்பெயர் மருந்துகள் பரவும்போது, “நிறம் மாறியிருக்கே, இது பழைய மாத்திரதானா?” என்ற கேள்வி தினமும் வரும். பதில் சொல்லத் தெரியாத மருந்தாளுநரிடம் மலிவு மருந்து கிடைத்தும் மக்கள் நம்பிச் சாப்பிட மாட்டார்கள்.

அதனால் பார்மசி கவுன்சிலிடமும் மருந்து வணிகர் சங்கங்களிடமும் நான் கேட்பது இது. ஐந்து ஆண்டுகளில் இரண்டு நாள் என்பது கீழ்வரம்பாக இருக்கட்டும். அதற்கு மேல் தாலுகாவுக்கு ஒரு மாதாந்தரக் கூட்டம், இரண்டு மணி நேரம், தமிழில், கடையை மூடாமல் வந்துபோகிற நேரத்தில் நடக்கட்டும். கவுண்டரில் வந்த உண்மைக் கேள்விகளை வைத்தே பேசட்டும். மருத்துவக் கல்லூரியிலிருந்தோ பார்மசி கல்லூரியிலிருந்தோ ஒரு ஆசிரியர் பக்கத்தில் இருந்து பிழை திருத்தட்டும். அந்த நேரம் புதுப்பித்தலுக்குக் கணக்கில் வரட்டும். பக்கவிளைவு கண்டால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம் என்பதையும், படிவத்தை எப்படி நிரப்புவது என்பதையும் அங்கேயே செய்து காட்டட்டும். இதற்குப் பெரிய கட்டடமோ பெரும் செலவோ தேவையில்லை.

என் கடைக்குப் புதிதாக வரும் மருந்தாளுநர்களிடம் முதல் நாள் ஒரு நோட்டைக் கொடுக்கிறேன். அன்றைக்குப் பதில் தெரியாமல் போன கேள்வியை ஷட்டர் இறக்குவதற்கு முன் எழுத வேண்டும். மறுநாள் கடை திறப்பதற்குள் விடையைத் தேடிப் பிடிக்க வேண்டும். கேட்டவரின் போன் எண் இருந்தால் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். இதைச் செய்கிறவர்களுக்கு நாள்தோறும் புத்தாக்கப் பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. அவர்களிடம் மருந்து வாங்குகிறவர்கள் அதன் பலனை அனுபவிக்கிறார்கள்.